வேதிப் பகுப்பாய்வில் நிறமாலை முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்திற்கு மாதிரி அனுப்புவோரும், வேதியியல் பயிலும் மாணவர்களும், நிறமாலைக் கருவிகளைப் புதிதாகக் கையாளத் தொடங்குவோரும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எவ்வளவு நவீனமான கருவியாக இருந்தாலும் அது தருவது ஒரு சமிக்ஞையை மட்டுமே. அதை நம்பத்தக்க விடையாக மாற்றுவதற்கு மாதிரியைத் தயாரிக்கும் விதமும், அறிந்த பொருளோடு செய்யப்படும் ஒப்பீடும், எதை அறிய விரும்புகிறோம் என்ற தெளிவும் தேவைப்படுகின்றன. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இதையே விளக்குகின்றன.

நிறமாலை முறை என்பது என்ன?

ஒரு பொருளின் மீது ஒளியையோ பிற மின்காந்தக் கதிர்வீச்சையோ செலுத்தி, அப்பொருள் எந்த அலைநீளங்களை உட்கவர்கிறது, எவற்றை உமிழ்கிறது, எவற்றைச் சிதறடிக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பொருளின் அடையாளத்தையோ அளவையோ அறிவதே நிறமாலை முறையாகும். அணுக்களும் மூலக்கூறுகளும் எல்லா ஆற்றலையும் ஏற்றுக்கொள்வதில்லை; அவற்றின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குச் சமமான ஆற்றலை மட்டுமே ஏற்கின்றன அல்லது வெளியிடுகின்றன. இந்த மட்டங்கள் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேறுபடுகின்றன. சோடியம் அணுக்கள் சுடரில் இருந்தாலும் விண்மீனின் வளிமண்டலத்தில் இருந்தாலும் 589.0, 589.6 நானோமீட்டரில் அமைந்த அதே இரட்டைக் கோடுகளைத் தருவதற்கு இதுவே காரணம்.

கோடு அல்லது பட்டை அமைந்திருக்கும் இடம் 'என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு, அதாவது பண்பறி பகுப்பாய்வுக்கு, விடை தருகிறது. அதன் வலிமை 'எவ்வளவு இருக்கிறது?' என்ற பருமனறி பகுப்பாய்வுக்கு விடை தருகிறது. ஒரே நிறமாலையில் இரண்டு விடைகளும் பொதிந்திருந்தாலும், ஒவ்வொன்றையும் பெறுவதற்கான உழைப்பு வேறு.

ஒளியைக் கொண்டு பொருளை அறியலாம் என்பது எவ்வாறு தெரியவந்தது?

சூரிய ஒளியின் நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை 1802-இல் வொல்லாஸ்டன் கண்டார். 1814-இல் ஃபிரான்ஹோஃபர் அவற்றை நூற்றுக்கணக்கில் அளந்து வரைபடமாக்கினார். அவை ஏன் தோன்றுகின்றன என்பது மட்டும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1859-60 ஆண்டுகளில் ஹைடல்பர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் அதை விடுவித்தனர். புன்சன் சுடரில் உப்புகளை இட்டு, உமிழப்படும் ஒளியை முப்பட்டகத்தின் வழியே ஆராய்ந்தபோது, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைத் தருவதையும், அதே தனிமத்தின் ஆவி அதே அலைநீளங்களை உட்கவர்வதையும் அவர்கள் நிறுவினர்.

அதன் பயன் உடனே தெரிந்தது. தாது நீரின் நிறமாலையில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத நீலக் கோடுகளைக் கண்ட அவர்கள், 1860-இல் சீசியத்தை அறிவித்தனர். அடுத்த ஆண்டு ரூபிடியத்தை அறிவித்தனர். சீசியம் சேர்மத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 44,000 லிட்டர் தாது நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. கிடைத்ததோ சில கிராம் உப்பு மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருந்த ஒரு தனிமத்தை, தராசில் நிறுத்துப் பார்ப்பதற்கு வெகு முன்பே ஒளி அடையாளம் காட்டிவிட்டது.

ஹீலியத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஜான்சன் ஆராய்ந்தார். அவ்வாண்டில் சூரிய விளிம்பின் ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடு 587.6 நானோமீட்டரில் இருந்தது. சோடியத்தின் கோடுகளுக்கு மிக அருகில் இருந்தும் அவற்றோடு பொருந்தவில்லை. அது புதிய தனிமத்தின் கோடு என்று லாக்யர் கருதினார். பூமியில் அத்தனிமத்தை 1895-இல்தான் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பெற்றார். இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு தள்ளிப்போயிருக்கும்.

ஒரே அடிப்படை என்றால் இத்தனை வகைக் கருவிகள் எதற்கு?

வெவ்வேறு ஆற்றல் கொண்ட கதிர்வீச்சு பொருளின் வெவ்வேறு பகுதிகளைத் தொடுகிறது. எக்ஸ் கதிர்கள் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான்களைப் பெயர்க்கின்றன. புற ஊதா ஒளியும் கட்புலன் ஒளியும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை உயர் மட்டத்துக்கு ஏற்றுகின்றன. அகச்சிவப்புக் கதிர் வேதிப் பிணைப்புகளை அதிரச் செய்கிறது. ரேடியோ அலைகள், வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்களின் சுழற்சி நிலையை மாற்றுகின்றன. ஆகவே எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமத்தை அறியலாமே தவிர, அது எந்த மூலக்கூறில் இருக்கிறது என்பதைப் பொதுவாக அறிய இயலாது. அகச்சிவப்பு முறை மூலக்கூறைப் பற்றி நிறையச் சொல்லும். நீரில் கரைந்துள்ள ஈய அயனியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உட்கவரப்பட்ட ஒளியிலிருந்து செறிவை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்?

பீர்–லாம்பர்ட் விதி இதற்கு அடிப்படை. கரைசலின் உட்கவர் அளவு, கரைந்துள்ள பொருளின் செறிவுக்கும் ஒளி கடக்கும் பாதையின் நீளத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. விகித மாறிலியை மோலார் உட்கவர் குணகம் என்பர். உட்கவர் அளவு மடக்கை அளவுகோலில் அமைந்தது: அதன் மதிப்பு 1 என்றால் விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு கடந்துசெல்கிறது, 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நீரில் உள்ள இரும்பை அளப்பதை எடுத்துக்கொள்வோம். மிகக் குறைந்த செறிவில் உள்ள இரும்பு அயனிகளுக்குப் போதிய நிறம் கிடையாது. எனவே முதலில் ஹைட்ராக்சிலமீனைச் சேர்த்து இரும்பு முழுவதையும் இரண்டு நேர்மின்சுமை கொண்ட ஃபெரஸ் நிலைக்கு ஒடுக்குகிறார்கள். பிறகு தாங்கல் கரைசலால் பிஎச் மதிப்பைச் சரிசெய்து, 1,10-பினாந்த்ரோலின் சேர்க்கிறார்கள். ஆரஞ்சுச் சிவப்பு நிற அணைவுச் சேர்மம் உருவாகிறது. அது 510 நானோமீட்டரில் வலுவாக உட்கவர்கிறது. அதன் மோலார் உட்கவர் குணகம் ஏறத்தாழ 11,100. ஒளி ஒரு சென்டிமீட்டர் தூரம் கடக்கும்படி அமைந்த மாதிரிக் குவளையில் உட்கவர் அளவு 0.400 என்று வந்தால், செறிவு லிட்டருக்கு 0.000036 மோல், இரும்பின் அணு நிறையான 55.85-ஆல் பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்.

நூலில் உள்ள குணகத்தைக் கொண்டு இப்படிக் கணக்கிடுவது விதியைப் புரிந்துகொள்ள உதவும். ஆய்வகத்தில் அவ்வாறு செய்வதில்லை. செறிவு தெரிந்த திட்டக் கரைசல்கள் சிலவற்றை அதே வினைபொருள்களோடு, அதே நாளில், அதே குவளையில் அளந்து ஒரு நேர்கோட்டு வரைபடத்தை உருவாக்கி, மாதிரியின் அளவீட்டை அதன் மீது வைத்துப் படிக்கிறார்கள். இரும்பு சேர்க்காமல் மற்ற அனைத்தையும் சேர்த்த வெற்றுக் கரைசலும் உடன் அளக்கப்படும். வினைபொருள்களிலேயே சிறிதளவு இரும்பு இருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்த வெற்றுக் கரைசல்தான்.

குவளை கண்ணாடியாக இருந்தால் போதாதா?

கட்புலன் ஒளிக்குப் போதும். ஏறத்தாழ 320 நானோமீட்டருக்குக் கீழே சாதாரணக் கண்ணாடியே ஒளியை உட்கவரத் தொடங்கிவிடுவதால், புற ஊதாப் பகுதிக்குக் குவார்ட்ஸ் குவளை வேண்டும். 260 நானோமீட்டரில் அளக்கப்படும் டிஎன்ஏவும், 280 நானோமீட்டரில் அளக்கப்படும் புரதமும் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டுகள்.

பீர்–லாம்பர்ட் விதி எப்போது பொருந்தாமல் போகும்?

நடைமுறையில் மூன்று சூழல்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன. கரைசல் கலங்கலாக இருந்தால் ஒளி சிதறுகிறது. கருவியோ சிதறிய ஒளியையும் உட்கவரப்பட்டதாகவே கணக்கில் கொள்கிறது. செறிவு மாறும்போது பொருளின் வேதி வடிவமே மாறினால், குரோமேட்டும் டைகுரோமேட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுவதைப் போல, நேர்கோடு வளைந்துவிடும். மூன்றாவது, கருவிக்குள் அலையும் வேண்டாத ஒளி. அது உயர் செறிவுகளில் பெரும் பிழையை உண்டாக்குவதால் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஒரு கரைசலின் உண்மையான உட்கவர் அளவு 3 என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே உணர்கருவியை அடைய வேண்டும். குவளையைக் கடக்காமலோ தவறான அலைநீளத்திலோ இன்னொரு ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி உணர்கருவியை அடைந்தால், மொத்தம் இரண்டு பங்காகிவிடும், கருவி 2.7 என்று காட்டும். செறிவு பத்து விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்படும். அனுபவமுள்ள பகுப்பாய்வாளர்கள் அளவீட்டை ஏறத்தாழ 0.1 முதல் 1 வரையிலான எல்லைக்குள் வைத்துக்கொள்வதற்கும், அதைத் தாண்டினால் கரைசலை நீர்த்து மீண்டும் அளப்பதற்கும் இதுவே காரணம். கருவியின் திரையில் நான்கு இலக்கங்கள் தெரிகின்றன என்பதற்காக அந்த நான்கையும் நம்பிவிடக் கூடாது.

அகச்சிவப்பு நிறமாலையிலிருந்து என்ன அறியலாம்?

மூலக்கூறின் வேதி இயல்பைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்களை, அதாவது வினைசெயல் தொகுதிகளை, அறியலாம். வழக்கமாக 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரையிலான அலைஎண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) எல்லையில் நிறமாலை பதிவாகிறது. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த கார்பனைல் தொகுதி 1700 செ.மீ⁻¹ அருகே கூர்மையான, வலுவான பட்டையைத் தருகிறது. அசிட்டோனில் அது 1715 செ.மீ⁻¹ அருகே அமைகிறது. ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் தொகுதி 3200 முதல் 3550 வரை பரந்து விரிந்த பட்டையைத் தருகிறது. 1500-க்குக் கீழே உள்ள நெரிசலான பகுதி மூலக்கூறு முழுவதன் அதிர்வையும் காட்டுவதால், அங்கே ஒவ்வொரு பட்டைக்கும் விளக்கம் தேடுவதைவிட அறிந்த பொருளின் நிறமாலையோடு பொருத்திப் பார்ப்பதே வழக்கம்.

ஆஸ்பிரின் நல்ல எடுத்துக்காட்டு. அதில் எஸ்டர் வகைக் கார்பனைல் ஒன்றும் அமில வகைக் கார்பனைல் ஒன்றும் இருப்பதால் 1750, 1690 செ.மீ⁻¹ அருகே இரண்டு பட்டைகள் தோன்றும். ஆஸ்பிரின் சிதைந்தால் கிடைக்கும் சாலிசிலிக் அமிலத்தில் எஸ்டர் இல்லை. அந்த முதல் பட்டையும் இல்லை. கொடுக்கப்பட்ட தூள் ஆஸ்பிரின்தானா என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதில் அரை விழுக்காடு சாலிசிலிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று கேட்டால், அகச்சிவப்பு நிறமாலை அதற்கு ஏற்ற கருவியன்று. அச்சிறு பட்டைகள் ஆஸ்பிரினின் பட்டைகளுக்குள் மறைந்துவிடும். ஃபெரிக் உப்போடு சாலிசிலிக் அமிலம் தரும் ஊதா நிறத்தைக் கட்புலன் ஒளியில் அளப்பதோ, நிறப்பிரிகை முறையில் இரண்டையும் பிரித்து அளப்பதோதான் வழி.

முன்பெல்லாம் மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, அழுத்தி, வில்லையாக்க வேண்டும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், நிறமாலையில் தோன்றும் ஹைட்ராக்சில் பட்டை மாதிரியுடையதா ஈரத்துடையதா என்ற ஐயம் அடிக்கடி எழும். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் வைரப் படிகத்தின் மீது மாதிரியை வைத்து அழுத்தினாலே போதும். 2350 செ.மீ⁻¹ அருகே திடீரெனப் பட்டை தோன்றினால், மாதிரியைச் சந்தேகிக்கும் முன் அறைக் காற்றின் கார்பன் டை ஆக்சைடை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ராமன் நிறமாலை அகச்சிவப்பிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

இரண்டும் மூலக்கூறு அதிர்வுகளைத்தான் காட்டுகின்றன. காட்டும் வழி வேறு. அகச்சிவப்பில் ஒளி உட்கவரப்படுகிறது. ராமன் முறையில் ஒற்றை நிற லேசர் ஒளி மூலக்கூறால் சிதறடிக்கப்படுகிறது. சிதறிய ஒளியின் மிகச் சிறு பகுதி மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வெளிவருகிறது. இவ்விளைவை சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனோடு இணைந்து கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். 1930-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று லேசர் கிடையாது. சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் கொண்டே அந்த மங்கலான ஒளியை அவர்கள் பிரித்தறிந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சாதனையின் பெருமை விளங்கும்.

நீர் அகச்சிவப்பை மிக வலுவாக உட்கவர்வதால் நீர்க்கரைசல்களை அம்முறையில் ஆராய்வது கடினம். ராமன் முறையில் நீரின் சமிக்ஞை மெலிந்தே இருக்கும். கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் பொருளை அடையாளம் காணவும் முடியும். மறுபுறம், மாதிரியோ அதில் உள்ள மாசோ ஒளிர்ந்தால் மெலிந்த ராமன் சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். அதைத் தவிர்க்கவே 785 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீள லேசரைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஈடாகச் சிதறலின் வலிமை குறைகிறது.

நீரில் உள்ள ஈயம், ஆர்செனிக் போன்றவற்றை மிகச் சிறு அளவில் எவ்வாறு அளக்கிறார்கள்?

குடிநீரில் ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்த அளவில் அளப்பதற்குச் சேர்மத்தை முழுவதுமாகச் சிதைத்துத் தனி அணுக்களாக்கி, அவ்வணுக்களின் ஒளியை அளக்கும் முறைகள் தேவை.

அணு உட்கவர் முறையை 1955-இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் பகுப்பாய்வுக் கருவியாக முன்வைத்தார். அதன் நுட்பம் ஒளிமூலத்தில் உள்ளது. ஈயத்தை அளக்க வேண்டுமானால் ஈயத்தாலேயே ஆன உட்குழிவு எதிர்மின்வாய் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஈய அணுக்கள் உட்கவரும் அதே குறுகிய கோட்டை அந்த விளக்கு உமிழ்கிறது. காற்று–அசிட்டிலீன் சுடரில் தெளிக்கும் முறை எளிதானது, விரைவானது. ஆனால் மைக்ரோகிராம் அளவுகளுக்குப் போதாது. அங்கே கிராஃபைட் உலை கைகொடுக்கிறது. சுமார் 20 மைக்ரோலிட்டர் மாதிரியைச் சிறிய கிராஃபைட் குழாயில் இட்டு, முதலில் நூறு டிகிரியைச் சற்றே தாண்டிய வெப்பத்தில் உலர்த்தி, பிறகு சில நூறு டிகிரியில் கரிமப் பொருள்களை எரித்து நீக்கி, இறுதியில் ஒரே பாய்ச்சலில் சூடாக்கி அணுக்களாக்குகிறார்கள். இடைப்பட்ட எரிப்புக் கட்டத்திலேயே ஈயம் ஆவியாகி ஓடிவிடக் கூடும் என்பதால், பல்லேடியம் அல்லது பாஸ்பேட் உப்பைச் சேர்த்து அதை நிலைப்படுத்துகிறார்கள். சில நொடிகளே நீடிக்கும் சமிக்ஞை 283.3 நானோமீட்டரில் பதிவாகிறது.

பல தனிமங்களை ஒரே நேரத்தில் அளக்க ஐசிபி எனப்படும் தூண்டு மின் பிளாஸ்மா கருவி ஏற்றது. 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமுடைய ஆர்கான் பிளாஸ்மாவில் அணுக்கள் கிளர்ச்சியுற்று உமிழும் ஒளியை அளக்கலாம்; அல்லது அங்கே உருவாகும் அயனிகளை, நிறையைக் கொண்டு பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தலாம். இரண்டாவது முறை பல தனிமங்களுக்கு லிட்டருக்கு நானோகிராம் அளவு வரை செல்லும். அதிலும் பொறிகள் உண்டு. ஆர்செனிக்கின் நிறை எண் 75. பிளாஸ்மாவில் உள்ள ஆர்கான்-40, மாதிரியில் உள்ள குளோரின்-35 ஆகியவை இணைந்தால் அதுவும் 75. உப்பு மிகுந்த நீரில் ஆர்செனிக் இல்லாமலே ஆர்செனிக் இருப்பதாகக் கருவி காட்டக் கூடும். ஹீலியம் வாயு நிரப்பிய மோதல் அறை வழியாக அயனிகளைச் செலுத்தி இப்போலி அயனிகளைக் குறைக்கிறார்கள்.

மாதிரி எடுக்கும் விதம் முடிவைப் பாதிக்குமா?

கருவியைவிட அதிகமாகவே பாதிக்கும். அமிலம் சேர்க்காமல் வைத்த நீர் மாதிரியில் ஈய அயனிகள் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் அளக்கப்படும் நீரில் ஈயம் குறைவாகவே இருக்கும். கருவி அதைச் சரியாகவே அளந்திருக்கும், விடை மட்டும் தவறாகிவிடும். எனவே பிஎச் மதிப்பு 2-க்குக் கீழே வரும்படி தூய நைட்ரிக் அமிலத்தைச் சேர்க்கிறார்கள். ஒரு மூட்டைத் தாதுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதில் கால் கிராமைக் கரைத்து, அதன் ஒரு துளியை அளக்கும்போது, அத்துளி அம்மூட்டையைப் பிரதிநிதித்துவம் செய்கிறதா என்ற கேள்விக்கு எந்த நிறமாலைமானியும் விடை தராது.

மாதிரியைக் கரைக்காமல், சேதப்படுத்தாமல் அளக்க முடியுமா?

முடியும். எக்ஸ் கதிர் ஒளிர்தல் முறையில் திண்மப் பொருளின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதிலுள்ள தனிமங்கள் திருப்பி உமிழும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலை அளக்கிறார்கள். தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிர்களுக்கும் அவற்றின் அணு எண்ணுக்கும் உள்ள தொடர்பை 1913-இல் மோஸ்லி நிறுவினார். உலோகக் கலவைகள், பழங்கால நாணயங்கள், ஓவியங்களின் நிறமிகள், மண் ஆகியவற்றை ஆராய இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, அது மேற்பரப்பை மட்டுமே காண்கிறது. மெல்லிய முலாம் பூசிய பொருளில் முலாமின் கலவையே பெரிதும் தெரியும். இரண்டாவது, ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஈயத்தின் முதன்மைக் கோடுகளில் ஒன்று 10.55-இலும் அமைகின்றன. வழக்கமான கருவிகளால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. ஈயம் மிகுந்த மண்ணில் ஆர்செனிக்கை அளப்பவர், 11.73-இல் உள்ள ஆர்செனிக்கின் இரண்டாம் கோட்டையும் 12.61-இல் உள்ள ஈயத்தின் மற்றொரு கோட்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

என்எம்ஆர் முறையை ஏன் அமைப்பறிதலின் உச்சம் என்கிறார்கள்?

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்னும் இம்முறை, மூலக்கூறில் எந்த அணு எந்த அணுவுக்கு அடுத்து இருக்கிறது என்பதையே காட்டுகிறது. 1946-இல் பிளாக், பர்செல் இருவரின் குழுக்களும் இவ்விளைவைத் தனித்தனியே கண்டறிந்தன. 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எத்தனாலின் புரோட்டான் நிறமாலையில் மூன்று சமிக்ஞைகள் உண்டு. அவற்றின் பரப்புகள் 3:2:1 என்ற விகிதத்தில் அமைகின்றன. மெத்தில் தொகுதியின் மூன்று ஹைட்ரஜன்கள், மெத்திலீனின் இரண்டு, ஹைட்ராக்சிலின் ஒன்று என அது மூலக்கூறையே எண்ணிக் காட்டுகிறது. மெத்தில் சமிக்ஞை மூன்றாகப் பிளவுறுவதால் அதன் அருகே இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதும், மெத்திலீன் சமிக்ஞை நான்காகப் பிளவுறுவதால் அதன் அருகே மூன்று இருப்பதும் தெரிகின்றன. இவ்வளவு நேரடியாக அமைப்பை வாசிக்க வேறு எந்த நிறமாலையும் இடம் தருவதில்லை.

சமிக்ஞையின் பரப்பு அணுக்கருக்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், தூய்மை தெரிந்த ஏதேனும் ஒரு பொருளை நிறுத்துச் சேர்த்து, மாதிரியின் தூய்மையை அளக்கலாம். அதே பொருளின் திட்ட மாதிரி கையில் இருக்க வேண்டிய தேவை இல்லை. குறை என்று சொல்ல வேண்டுமானால் உணர்திறன்தான். புரோட்டான்களுக்கு 400 மெகாஹெர்ட்ஸ் எனப்படும் கருவியின் காந்தப் புலம் 9.4 டெஸ்லா, அதாவது புவியின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு. இருந்தும் வழக்கமாகச் சில மில்லிகிராம் மாதிரி வேண்டும். கார்பன் நிறமாலைக்கு இன்னும் அதிகம் வேண்டும். இயற்கையான கார்பனில் 1.1 விழுக்காடே உள்ள கார்பன்-13 மட்டும்தான் சமிக்ஞை தருகிறது.

நிறை நிறமாலைமானி எதை அளக்கிறது?

அது ஒளியை அளப்பதில்லை. மூலக்கூறுகளை அயனிகளாக்கி, அவற்றின் நிறைக்கும் மின்சுமைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பிரித்து எண்ணுகிறது. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன், எத்திலீன் ஆகிய மூன்றின் மூலக்கூறு நிறையும் முழு எண்ணில் 28 ஆகும். துல்லியமாக அளந்தால் முறையே 27.995, 28.006, 28.031 என வேறுபடுகின்றன. உயர் பிரிதிறன் கொண்ட கருவியால் நிறையை மட்டும் கொண்டே மூலக்கூறு வாய்பாட்டை அறிய முடிவது இதனால்தான். குளோரின் உள்ள மூலக்கூறு, இரண்டு அலகு இடைவெளியில் ஏறத்தாழ 3:1 விகிதத்தில் இரட்டை முகடுகளைத் தருவதும், புரோமின் ஏறத்தாழச் சமமான இரட்டை முகடுகளைத் தருவதும் பார்த்த மாத்திரத்தில் உதவும் அடையாளங்கள்.

பல பொருள்கள் கலந்த மாதிரியை நேராக உள்ளே செலுத்தினால் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். ஆகவே வாயு அல்லது திரவ நிறப்பிரிகைக் கருவியில் முதலில் பொருள்களைப் பிரித்து, வெளிவரும் வரிசையில் ஒவ்வொன்றையும் நிறை நிறமாலைமானிக்கு அனுப்புகிறார்கள்.

'குரோமியத்தை அளந்து தாருங்கள்' என்று கேட்டால் போதுமா?

போதாது. மாதிரியை அமிலத்தில் செரித்து அணு உட்கவர் கருவியிலோ ஐசிபியிலோ அளந்தால் மொத்தக் குரோமியம் கிடைக்கும். ஆனால் ஆறு இணைதிற நிலையில் உள்ள குரோமியம் மிகுந்த நச்சுத்தன்மையும் புற்றுநோயை உண்டாக்கும் இயல்பும் கொண்டது. மூன்று இணைதிற நிலையில் உள்ளது அத்தகையது அன்று. அணுக்களாகச் சிதைத்தவுடன் இவ்வேறுபாடு அழிந்துவிடும். டைபினைல் கார்பசைடு, ஆறு இணைதிறக் குரோமியத்தோடு மட்டும் ஊதா நிறம் தருவதால், 540 நானோமீட்டரில் எளிய கட்புலன் நிறமாலைமானியைக் கொண்டே அதை அளக்கலாம். இங்கே மிக விலையுயர்ந்த கருவியால் சொல்ல முடியாததை எளிய கருவி சொல்கிறது. தீங்கு உண்டா என்று அறிய விரும்புபவர், எந்த வடிவம் வேண்டும் என்பதை ஆய்வகத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கையடக்கக் கருவிகளை நம்பலாமா?

அவை எதற்காக உருவாக்கப்பட்டனவோ அதற்கு நம்பலாம். உள்ளே வந்த மூலப்பொருள் சீட்டில் எழுதியிருப்பதுதானா என்று சரிபார்க்கவும், உலோகக் கழிவுகளை வகைபிரிக்கவும் கையடக்க ராமன் கருவியும் எக்ஸ் கதிர் கருவியும் சிறப்பாகப் பயன்படுகின்றன. ஆய்வகத்தைப் பொருள் இருக்கும் இடத்துக்கே கொண்டுசெல்லும் முயற்சி பூமியோடு நிற்கவில்லை: 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, லேசர் துடிப்பால் பாறையை ஆவியாக்கி அதன் ஒளியைச் சில மீட்டர் தொலைவிலிருந்தே ஆராய்கிறது, 2023-இல் சந்திரயான்-3 திட்டத்தின் பிரக்யான் ஊர்தி அதே முறையில் நிலவின் தென்துருவப் பகுதியில் கந்தகம் இருப்பதைக் கண்டது. கட்புலன் ஒளியை அடுத்துள்ள அகச்சிவப்பைப் பயன்படுத்தும் அருகலை அகச்சிவப்புக் கருவிகளைப் பற்றி ஒன்று மட்டும்: அவற்றின் விடை, முன்பே அளந்த பொருள்களைக் கொண்டு உருவாக்கிய புள்ளியியல் சூத்திரத்தை முழுக்கச் சார்ந்தது. அச்சூத்திரம் உருவாக்கப்பட்டபோது இடம்பெறாத வகைப் பொருளை வைத்தாலும் கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்.

மாதிரியில் உள்ள மற்ற பொருள்கள் அளவீட்டைக் கெடுத்தால் என்ன செய்வது?

தூய நீரில் தயாரித்த திட்டக் கரைசலும், உப்பும் கரிமப் பொருளும் நிறைந்த மாதிரியும் ஒரே செறிவில் ஒரே சமிக்ஞையைத் தர வேண்டும் என்பதில்லை. இதற்கு எளிய தீர்வு, மாதிரியின் பகுதிகளிலேயே தெரிந்த அளவு தனிமத்தைப் படிப்படியாகச் சேர்த்து அளப்பது. சேர்த்த அளவுக்குச் சமிக்ஞை எவ்வளவு உயர்கிறது என்பதை அதே சூழலில் அறிவதால், தொடக்கத்தில் இருந்த அளவைக் கணக்கிட்டுவிடலாம். உழைப்பு கூடும் என்றாலும், ஐயத்துக்குரிய மாதிரிகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆய்வறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் அப்பொருள் இல்லை என்று பொருளா?

இல்லை. ஒவ்வொரு முறைக்கும் கண்டறி எல்லை ஒன்று உண்டு. வெற்றுக் கரைசலைப் பலமுறை அளந்து, அவ்வளவீடுகளின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, திட்டக் கரைசல்களைக் கொண்டு வரைந்த அளவுத்திருத்தக் கோட்டின் சாய்வால் வகுத்து அதைப் பெறுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள சமிக்ஞையைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. மூன்றுக்குப் பதிலாகப் பத்தால் பெருக்கிக் கிடைப்பது அளவறி எல்லை. இவ்விரண்டுக்கும் இடையே பொருள் இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே அறிக்கையைப் பெறுபவர் முதலில் பார்க்க வேண்டியது, எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் அம்முறையின் கண்டறி எல்லை என்ன என்பதையும்தான். குடிநீரில் ஈயத்தைச் சுடர் முறையில், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கண்டறி எல்லையோடு அளந்து 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால், அந்த நீரில் 40 மைக்ரோகிராம் ஈயம், அதாவது வழிகாட்டு அளவைப் போல் நான்கு மடங்கு, இருக்கவும் கூடும். எல்லை குறிப்பிடப்படாத அறிக்கையைத் திருப்பியனுப்பி, அதைக் குறிப்பிட்டுத் தருமாறு கேட்கலாம். கிராஃபைட் உலையிலோ ஐசிபி நிறை நிறமாலைமானியிலோ மீண்டும் அளக்குமாறும் கேட்கலாம்.